பொன்னாடை வேணாம், ஒரு பீரியட் குடுங்க

ஊருக்கு வெளிநாட்டு வாத்தியாருங்க வர்றாங்கன்னு சொன்னா நம்மாளுகளுக்கு முதல்ல ஞாபகம் வர்றது பொன்னாடைதான்.

அடுத்தது பேனர்.

அதுக்கப்புறம் மைக் செட்டு.

வகுப்பறை யாருக்கும் ஞாபகம் வர்றதே இல்லைங்க. அந்த வருத்தத்துலதான் இதை எழுத உக்காந்தேன். எழுத எழுத சந்தோஷமான விஷயங்கதான் அதிகமா வருது. ரெண்டும் கலந்துதான் இருக்கும், படிங்க.

பள்ளிப் பரிமாற்றத்துல ஜப்பான்ல இருந்து வந்த ஆசிரியர்கள்ல ரெண்டு பேர் பொன்னமராவதியில எங்க வீட்டுல தங்கினாங்க. ஒருத்தங்க ஆரம்பப் பள்ளி டீச்சர், சின்ன வயசு. இன்னொருத்தர் அறிவியல் வாத்தியார், ரிட்டயர்மென்ட்டை நெருங்கிட்டவர். (பேரு போடலை. அவங்ககிட்ட கேக்காம போடக்கூடாது. பிள்ளைங்க போட்டோவும் இந்தப் பதிவுல இல்ல, அதே காரணம்தான்.)

வந்தது ஆடி மாசம். அங்க பள்ளிக்கூடம் ஏப்ரல்ல தொடங்கி மார்ச்சுல முடியுது. நடுவுல ஜூலைக் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கோடை விடுமுறை. அவங்களுக்கு லீவு, நமக்கு முதல் பருவம் மும்முரமா நடந்துட்டு இருக்கும். பள்ளிக்கூடம் பாக்க வர்றவங்களுக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது.

அப்படி அமைஞ்ச நேரத்தை என்ன பண்ணினாங்கன்னு கேளுங்க.

ஒரு பள்ளிக்கூடத்துல வரவேற்பு. காலைப் பிரேயரோட ஆரம்பிச்சது. தலைமையுரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, மறுபடி வாழ்த்துரை. மேடையில இருந்த எல்லாருக்கும் மாத்தி மாத்திப் பொன்னாடை. பிள்ளைங்க ஒயிலாட்டம் ஆடினாங்க, கும்மி அடிச்சாங்க, ரொம்ப அழகு. அதுல ஒரு குறையும் கிடையாது. ஆனா ஆடாத பிள்ளைங்க அத்தனை பேரும் தரையில உக்காந்து உரை கேட்டுட்டே இருந்தாங்க. மதிய உணவு பெல் அடிச்ச பிறகு ஒரு வகுப்பறையை வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுக் கிளம்பியாச்சு.

கார்ல வர்றப்ப அறிவியல் வாத்தியார் கேட்டார், "இன்னிக்குப் பாடம் எதுவும் நடக்கலையா?"

குத்திக்காட்டக் கேக்கலைங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார்.

எனக்கு ராத்திரி தூக்கம் வரலை.

(நடுவுல ஒண்ணு. மேடையில ஒருத்தர், தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரு தாய் பிள்ளைங்கன்னு அடிச்சுச் சொன்னார். சுசுமு ஓனோங்கற ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு கருத்தைச் சொன்னதும், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் கூட சேர்ந்து வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினதும் உண்மை. ஆனா பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கலை. ஜப்பான்லயும் ஏத்துக்கலை. ரெண்டு நாட்டையும் சேர்த்துப் பேசணும்னா எனக்கு நொபோரு கராஷிமாதான் ஞாபகம் வருவார். சோழர் காலக் கல்வெட்டுகளை எழுத்து எழுத்தாப் படிச்சு, அன்னிக்கு நிலம் யார்கிட்ட இருந்துச்சு, ஊர் எப்படி இயங்குச்சுன்னு ஆராய்ஞ்சவர். 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தின உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு அப்ப அவர்தான் தலைவர். 2013ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. பெருமை பேசறதைவிட கூட உக்காந்து படிக்கிறது பெரிய உறவுன்னு அவரை நினைச்சா எனக்குத் தோணும்.)

சரி, பாடத்துக்கு வர்றேன்.

நான் அரசுப் பள்ளியில அஞ்சாம் வகுப்பு எடுக்கிறேன். தலைமையாசிரியர்கிட்ட அனுமதி வாங்கி, ரெண்டு பேரையும் என் வகுப்புக்கே கூட்டிட்டுப் போனேன். மாலை இல்ல, வரவேற்பு நடனம் இல்ல. பின்னாடி ரெண்டு நாற்காலி. அன்னிக்கு நடந்தது கடன் வாங்கிக் கழித்தல். 4002ல இருந்து 1785.

நாற்காலியில அவங்க உக்காரவே இல்ல. ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, பீரியட் முழுக்க அந்தப் பிள்ளை நோட்டையே பாத்துட்டு இருந்தாங்க. என் பக்கம் திரும்பினது கொஞ்ச நேரம்தான்.

சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில அந்த டீச்சர் தன் நோட்டை விரிச்சுக் காட்டினாங்க. (பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி போன்ல மொழிபெயர்ப்பு ஆப். மீதி கை.) ஜன்னலோரத்துல இருந்த பிள்ளை போட்ட கணக்கை அப்படியே எழுதி வெச்சிருந்தாங்க. அந்தப் பிள்ளை கடனே வாங்கலை. 1785ல இருந்து 1800க்குப் போக 15. 1800ல இருந்து 2000க்குப் போக 200. அங்கிருந்து 4002க்கு 2002. மூணையும் கூட்டினா 2217. விடை சரி!

ஆனா அதை எழுதிட்டு, நான் போர்டுல போட்ட முறையைப் பாத்துட்டு, ரப்பரால அழிச்சிட்டு, கடன் வாங்கிப் போட்டிருக்கா.

அவ அப்பாவுக்கு மளிகைக் கடைங்க. கல்லாவுல சில்லறை எண்ணிக் குடுக்கறது அப்படித்தானே? வாங்கின விலையில இருந்து குடுத்த நோட்டு வரைக்கும் ஏத்திக்கிட்டே போறது. கடையில கத்துக்கிட்ட கணக்கை வகுப்புல அழிச்சிட்டா.

போர்டு முன்னாடி நிக்கற எந்த வாத்தியாருக்கும் இது கண்ணுல படாது. பட வாய்ப்பே இல்ல. அதுக்குத்தான் இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும்.

மறுநாள் அந்த முறையை அவளையே போர்டுல போடச் சொன்னேன். வகுப்பே எந்திரிச்சு நின்னுச்சு. 'டீச்சர் எனக்கு இதுதான் ஈசி'ன்னு அஞ்சாறு குரல். அப்புறம் எது எப்ப சுலபம்னு பிள்ளைங்களே சண்டை போட ஆரம்பிச்சாங்க. (கழித்தலுக்காகச் சண்டை போடற பிள்ளைங்களைப் பாத்திருக்கீங்களா? பாக்கணும்ங்க!)

இப்படி வகுப்புக்குள்ள வந்து பாக்கறது ஜப்பான்ல வழக்கமாவே நடக்குதாம். ஒரு ஆசிரியர் பாடம் நடத்துவார், அந்தப் பள்ளிக்கூடத்து மத்த ஆசிரியர்கள் நின்னு பாப்பாங்க. முடிஞ்சதும் உக்காந்து பேசுவாங்க. பேச்சு எல்லாம் பிள்ளைங்க எங்க யோசிச்சாங்க, எங்க தடுமாறினாங்கங்கறதைப் பத்தி. ஆசிரியருக்கு மார்க் போடறது நோக்கம் இல்ல. மெய்ஜி காலத்துல இருந்தே வேர் விட்ட பழக்கம் இது. 1999ல ஸ்டிக்லர், ஹீபர்ட்னு ரெண்டு அமெரிக்கர்கள் எழுதின புத்தகத்துக்கு அப்புறம் வெளிநாடுகள்லயும் பரவுச்சு. போர்டையும் அவங்க பீரியட் நடுவுல அழிக்க மாட்டாங்களாம். ஆரம்பக் கேள்வி, பிள்ளைங்க சொன்ன வேற வேற வழி, கடைசியில எட்டின முடிவு, எல்லாம் இடமிருந்து வலமா அப்படியே நிக்கும். நடுவுல கவனம் சிதறின பிள்ளைகூட நிமிந்து பாத்துப் பிடிச்சுக்கலாம். இதுக்கு ஸ்மார்ட் போர்டு வேணாம், நிதி ஒதுக்கீடு வேணாம். அழிப்பானைக் கீழ வெச்சா போதும்.

இப்ப சாப்பாடு. (அதானே எல்லாரும் கேப்பீங்க!)

காரம் குறைச்சு ஊத்தப்பம், இடியாப்பம்னு ஆரம்பிச்சேன். இடியாப்பம் உடனே ஒட்டிக்கிச்சு. ரசம் ரொம்பப் பிடிச்சது, டம்ளர்ல வாங்கிக் குடிச்சாங்க. தயிர்சாதம்தான் ஓடலை. அவங்களுக்குத் தயிர்னா இனிப்பு, அதுல உப்பும் கடுகும் தாளிச்சுப் போட்டா முகம் யோசிக்குது.

எங்க அப்பத்தா ஒரே நாள்ல வழி கண்டுபிடிச்சாங்க. "அரிசி தின்கிற ஊருதானே? கவுனியரிசி வையி."

வெச்சேன். ராத்திரி ஊறவெச்சு, குழைய வேகவெச்சு, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய். செட்டிநாட்டு விசேஷ வீடுகள்ல கவுனியரிசிக்கு இருக்கற மரியாதை உங்களுக்கே தெரியும். பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன நகரத்தார் கொண்டுவந்த பழக்கம்னு இந்தப் பக்கம் சொல்லுவாங்க. இது மாதிரி ஒட்டுற அரிசி ஜப்பான்லயும் விசேஷ நாள் அரிசி. சிவப்புப் பயறு போட்டு ஒட்டரிசிச் சோறு ஆக்கி நல்ல நாளுக்குப் பரிமாறுறாங்க. அதனால அந்தக் கிண்ணத்தைப் பாத்ததுமே, 'இன்னிக்கு உங்க வீட்டுல என்ன விசேஷம்?'னு கேட்டாங்க அந்த டீச்சர். நீங்க வந்ததுதான் விசேஷம்னு அப்பத்தா சொன்னதை ஆப் இல்லாமலே புரிஞ்சுக்கிட்டாங்க.

உளுந்து, கருப்பட்டி, நெய் போட்ட கும்மாயமும் அப்படியே. பயறை இனிப்பாச் சாப்பிடறது அவங்களுக்குப் பழக்கம், அவங்க பலகாரத்துல பாதி பயறுப் பூரணம்தான். ஆக, ஜப்பான்காரங்க வந்தா பிரெட்டும் ஜாமும் தேடி அலையாதீங்க. பாட்டிங்ககிட்ட கேளுங்க.

சாப்பிட்டு முடிச்சதும் அறிவியல் வாத்தியார் தட்டை எடுத்துட்டுக் கிணத்தடிக்குப் போயிட்டார். அப்பத்தா பதறி, "வையி தம்பி, வையி!"ன்னு பின்னாடியே ஓடுறாங்க. அவர் கழுவிக் கவுத்துட்டுத்தான் வந்தார். அங்க அஞ்சாம் வகுப்புலயும் ஆறாம் வகுப்புலயும் சமையல், தையல், வீட்டு வேலை எல்லாம் பாடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சேத்து. 1993ல நடுநிலைப் பள்ளியிலயும் 1994ல மேல்நிலைப் பள்ளியிலயும் ஆண்பிள்ளைங்களுக்கும் கட்டாயமாக்கிட்டாங்க. நம்ம பாடத்திட்டத்துலயும் இது வரணும்னு எனக்கு ஆசை. நிஜமான ஆசை.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுல மட்டும் நாம நிமிந்து நிக்கலாம்ங்க.

காலையில சீக்கிரமே கூட்டிட்டுப் போய் காலை உணவைக் காட்டினேன். அன்னிக்கு வெண்பொங்கல், சாம்பார். பணம் யார் கட்டுறாங்கன்னு கேட்டாங்க. யாரும் கட்டலை, அரசாங்கம் போடுதுன்னேன். 2022 செப்டம்பர் 15ல மதுரையில தொடங்கின திட்டம்னு சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுல வாரத்துல அஞ்சு நாளும் முட்டைன்னேன். எழுதிக்கிட்டாங்க. 1920ல சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில நீதிக்கட்சிக்காரங்க ஆரம்பிச்சது, 1956ல காமராஜர் மாநிலத்துக்குக் கொண்டுவந்தது, 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆர். விரிவாக்கினது, எல்லாத்தையும் சொன்னேன்.

அவங்க கதையும் பசியில இருந்துதான் ஆரம்பிக்குது. 1889ல யாமகாட்டா மாகாணத்துல சுருவோக்காங்கற ஊர்ல, ஒரு புத்தர் கோயில்ல நடந்த பள்ளிக்கூடத்துல ஏழைப் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டிருக்காங்க. 1954ல சட்டமே வந்துருச்சு. மளிகைச் செலவைப் பெரும்பாலான ஊர்ல ரொம்ப காலமா பெத்தவங்கதான் கட்டிட்டு வந்திருக்காங்க.

ஒரு விஷயத்துல நாம கத்துக்கணும். அங்க பிள்ளைங்களே வெள்ளை ஏப்ரன், தொப்பி போட்டுட்டு, முறை வெச்சுப் பரிமாறுறாங்க. ஆசிரியரும் வகுப்பறையிலயே பிள்ளைங்களோட உக்காந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடறார். அன்னிக்கு என் டிபன் பாக்ஸை மூடி வெச்சிட்டு, நாங்க மூணு பேரும் பிள்ளைங்க வரிசையில உக்காந்தோம். ஒரு பையன் என்னைப் பாத்து, "டீச்சர், முட்டைக்கு உப்பு வேணுமா?"ன்னு கேட்டான். இத்தனை வருஷ வேலையில எனக்குக் கிடைச்ச பெரிய மரியாதைங்க அது.

அடுத்து சொல்லப்போறது கொஞ்சம் கனமான விஷயம்.

ஜப்பான் பிள்ளைங்க வகுப்பறையை அவங்களே கூட்டித் துடைக்கிற வீடியோ வாட்ஸ்அப்ல எல்லா குரூப்லயும் சுத்துது. 'நம்ம பிள்ளைங்களும் இப்படிச் செய்யணும்'னு கீழ நூறு பேர் கைதட்டுறாங்க. எங்க வீட்டுக்கு வந்தவங்ககிட்டயும் ஒருத்தர் இதைப் பெருமையாக் கேட்டார்.

கைதட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. துடைப்பம் யார் கையில இருக்கு?

அங்க எல்லாப் பிள்ளைங்களும் முறை வெச்சுக் கூட்டுறாங்க. ஆசிரியரும் கூடவே குனியறார். நம்ம மாநிலத்துல பட்டியல் சாதிப் பிள்ளைங்களை மட்டும் கழிவறை கழுவ விட்டதா செய்தி வந்திருக்கு, வழக்கும் ஆகியிருக்கு. பெரும்பாலான வகுப்புல கூட்டுறதுன்னா பொம்பளைப்பிள்ளைங்கதான். இதைச் சரிபண்ணாம வீடியோவைப் பாத்து அப்படியே இறக்குமதி பண்ணினா, பழைய கொடுமைக்குப் புதுப் பேரு வெச்ச மாதிரி ஆயிரும்.

இதை நான் மறைக்காம அவங்ககிட்டச் சொன்னேன். விருந்தாளி முன்னாடி நம்ம அழுக்கைக் காட்டலாமான்னு வீட்டுல ஒரு முணுமுணுப்பு இருந்துச்சு. காட்டணும்ங்கறதுதான் என் கட்சி. கேட்டுட்டு அறிவியல் வாத்தியார் புராகுமின் மக்களைப் பத்திச் சொன்னார். தோல் வேலை, இறைச்சி வேலை பாத்ததுக்காகத் தலைமுறை தலைமுறையா ஒதுக்கி வெச்ச சமூகம். 1922ல கியோட்டோவுல அவங்களே கூடி சுய்ஹெய்ஷாங்கற இயக்கத்தைத் தொடங்கியிருக்காங்க. நம்ம ஊர்ல சுயமரியாதை இயக்கம் 1925. பள்ளிக்கூடங்கள்ல இந்த ஒதுக்கலைப் பத்திப் பாடமாவே நடத்தறதும் உண்டாம். அன்னிக்கு ராத்திரி பேச்சு முடிய ரொம்ப நேரமாச்சு. பரிமாற்றம்னா இதுதான்னு தோணுச்சு. நல்லதை மட்டும் காட்டிட்டா அது கண்காட்சி.

ஞாயித்துக்கிழமை ஊர் சுத்தினோம்.

வேந்தன்பட்டி நெய் நந்திக்குப் போனோம். அந்த நந்தி மேல ஊத்தற நெய்க்கு ஈ, எறும்பு வராதுன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்கள்ல? அறிவியல் வாத்தியார் கையைக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னார். பாத்துட்டு, "மறுபடி வேற மாசத்துல வந்து பாக்கணும்"னார். அறிவியல் வாத்தியார்!

மேலைச்சிவபுரிக்கும் போனோம். 1909ல பண்டிதமணி கதிரேசன் செட்டியார் முயற்சியில சன்மார்க்க சபை உருவான ஊர், வ.சுப.மாணிக்கம் பிறந்த ஊர். ஒரு சின்ன ஊர்ல தமிழுக்குன்னே ஒரு கல்லூரி தொடங்கினாங்கன்னதும் அந்த டீச்சர் ஆச்சரியப்பட்டாங்க. வழியெல்லாம் மகிபாலன்பட்டியைப் பத்திப் பேசிட்டே போனோம். கணியன் பூங்குன்றனாரோட பூங்குன்றம் அதுதான்னு சொல்றாங்க. அவரோட 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' பாட்டோட கருத்தை நான் விளக்கினேன். அப்படிச் சொன்னவர் பக்கத்து ஊர்க்காரர்னு சொல்றதுல எனக்கு எப்பவும் ஒரு கர்வம்.

ஆனா அவங்க ரெண்டு பேரும் அசையாம நின்னது ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவுல. சுவர்ல லட்சுமி, சரஸ்வதி படம் போட்ட பளபளன்னு டைல்ஸ். நம்ம ஊர் ஆத்தங்குடிக் கல்லு தரைக்கு. சுவர்ல பதிச்ச இந்த மாதிரி டைல்ஸ்ல பல, ஜப்பான்ல செஞ்சது! 1910கள்ல இருந்து 1930கள் வரைக்கும் அவாஜி தீவுலயும் நகோயாவுலயும் இருந்த ஆலைங்க, இந்தியாவுக்குன்னே நம்ம சாமி படம் போட்டு டைல்ஸ் செஞ்சு கப்பல்ல அனுப்பியிருக்காங்க. நம்ம ஊருக்கும் அவங்க ஊருக்கும் வியாபாரம் இருந்ததுக்கு அந்தச் சுவரே சாட்சி. அந்த டீச்சர், ஊருக்குப் போனதும் இதை வெச்சே சமூக அறிவியல் பாடம் நடத்தப்போறேன்னாங்க. எனக்கும் அதே எண்ணம்தான். பாத்துப் பாத்துப் பழகின சுவர், இப்ப எங்க வகுப்புக்கு ஒரு பாடம்.

போறதுக்கு முன்னாடி வேலையைப் பத்திப் பேசினோம். நான் எமிஸ் தளத்துல பள்ளி விவரம் ஏத்தற கஷ்டத்தைச் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க, அங்கயும் அதே கதைதானாம். ஓஇசிடிங்கற சர்வதேச அமைப்பு 2018ல எடுத்த கணக்குப்படி ஜப்பான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை பாத்திருக்கார். கணக்கெடுத்த நாடுகள்லயே அதுதான் அதிகம். அதுல பாடம் நடத்தினது 18 மணி நேரம்தான். மீதி விளையாட்டுக் குழு, கூட்டம், காகிதம். 'ஜப்பானைப் பார்'னு நம்மை அதட்டறவங்க இதையும் பாக்கணும்.

இன்னொண்ணு என்னை ரொம்பப் பாதிச்சது. பிள்ளைங்க குறைஞ்சு, 2002ல இருந்து 2020க்குள்ள அங்க 8,000க்கும் மேல அரசுப் பள்ளிங்க மூடியாச்சு. அறிவியல் வாத்தியார் படிச்ச பள்ளிக்கூடமும் அதுல ஒண்ணு. நம்ம அரசுப் பள்ளிங்கள்லயும் சேர்க்கை குறையறதைப் பத்தி நாம தினமும் கவலைப்படறோம். காரணம் வேற, கவலை ஒண்ணு. (டோமோயி பள்ளி ஞாபகம் வந்துச்சு. டோட்டோ-சான் படிச்சவங்களுக்குத் தெரியும், ரயில் பெட்டியில வகுப்பு நடத்தின கோபயாஷியோட பள்ளிக்கூடம், 1945 குண்டுவீச்சுல எரிஞ்சு போனது. கட்டடம் போயும் அந்த வாத்தியார் பிள்ளையை எப்படிக் கேட்டார்ங்கறது உலகம் முழுக்க நிக்குது. படிக்காதவங்க தமிழ்லயே படிங்க, கிடைக்குது.)

ஆக, அடுத்த தடவை யார் ஊருக்கு வந்தாலும் என் வேண்டுகோள் இதுதான். வரவேற்பு கால்மணி நேரம் போதும். ஒரு வகுப்பைக் குடுங்க. பிள்ளைங்க பக்கத்துல தரையில இடம் குடுங்க. சாயங்காலம் வாத்தியாரும் வாத்தியாரும் பேச ஒரு மணி நேரம் குடுங்க. நம்ம கேள்வியையும் கேளுங்க, நம்ம குறையையும் சொல்லுங்க.

அதோட, விருந்தாளிக்காகக் காத்திருக்கவும் வேணாம். நம்ம குறுவள மையக் கூட்டம் சனிக்கிழமை நடக்கறதால அங்க பிள்ளைங்க இருக்க மாட்டாங்க. அதனால வேலை நாள்ல ஒரு பீரியட்டை மத்த ஆசிரியர்கள் வந்து பாக்க வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட அனுமதி கேட்டிருக்கேன். முதல் வகுப்பு என்னோடது. பொன்னமராவதி, காரையூர், வலையப்பட்டி பக்கத்து டீச்சருங்க, சாருங்க எல்லாரும் வாங்க. ஒரு நோட்டு எடுத்துக்கங்க. என்னைப் பாக்க வேணாம், ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து பீரியட் முழுக்க அந்தப் பிள்ளை என்ன எழுதுது, என்ன அழிக்குதுன்னு பாருங்க. முடிஞ்சதும் எனக்குச் சொல்லுங்க. மறுநாள் பாடத்தை அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.